மின்னல் கேட்கும் டப்பா

பெனாசிர் கம்ப்யூட்டர் படித்தவள். வேலைக்குப் போகவில்லை. சாத்தூரில் வீட்டு முன்பக்கத்திலேயே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அஷ்ஃபாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கூடவே ஒரு லேப்டாப்பையும் கொண்டுவந்தாள். இப்போது அதன் கீல் உடைந்துவிட்டது. சுவரில் சாய்த்துவைத்தால்தான் திரை நிற்கும். அப்படிச் சாய்த்துவைத்துக்கொண்டே அவள் சின்னச் சின்னதாக வெப்சைட்டுகள் செய்தாள்.

‘கரண்ட் இருக்கா’ என்று ஒன்று. எந்தத் தெருவில் கரண்ட் போயிருக்கிறது என்று ஊர்க்காரர்களே அதில் பதியலாம். கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று சொல்லும் பக்கம் ஒன்று. மாமியார் குல்சார் பேகத்துக்காகச் செய்தது. அது ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. யாரும் கேட்டுச் செய்ததில்லை இவையெல்லாம். பகல் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு, சிலர் டிவி பார்ப்பார்கள், சிலர் கண் அயர்வார்கள். அவள் இதைச் செய்வாள்.

“வெளையாட்டுக்கும் ஒரு அளவு வேணும் புள்ள” என்பான் அஷ்ஃபாக். ஆனால் கடையில் மிஞ்சும் ஒயர் துண்டுகளை அவளுக்கென்று எடுத்துவைப்பதும் அவன்தான்.

மின்னலை உணரும் போர்டு ஒன்றை அவள் ஆன்லைனில் வாங்கியது அந்த வருஷம் சித்திரையில். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது மின்னல் வெட்டினால் கரகரவென்று ஒரு சத்தம் வரும் அல்லவா, அந்தக் கரகரப்பைத்தான் அந்தப் போர்டும் கேட்கிறது. கேட்டு, மின்னல் ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று கணக்குச் சொல்கிறது. எந்தத் திசையில் என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது. காலியான சேவு டப்பா ஒன்றுக்குள் அதை வைத்து, பவர் பேங்க் ஒன்றை இணைத்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கட்டிவைத்தாள். ‘இடி எங்கே’ என்று பக்கத்துக்குப் பேர் வைத்தாள். திரையில் பெரிய எழுத்தில் ஒரு எண் வரும். மின்னலே கேட்காதபோது ‘மின்னல் இல்லை’ என்று பச்சையில் காட்டும். அவ்வளவுதான் அது.

அது அவ்வளவோடு நிற்காமல் போனதற்குக் காரணம் பொன்மணி.

பொன்மணியும் பெனாசிரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். பரீட்சையில் பொன்மணிக்குத்தான் எப்போதும் மார்க் கூட. படிப்பு முடிந்ததும் பெங்களூருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் போகவில்லை. அப்பா படுத்துவிட்டார். அச்சங்குளம் பக்கத்தில் அவளுடைய அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியிலேயே பேன்சி ரக வெடிகளுக்கு வெடிமருந்து செலுத்தும் வேலைக்குப் போனாள். சாத்தூருக்கு வரும்போதெல்லாம் பெனாசிர் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போவாள். ‘இடி எங்கே’ பக்கத்தைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை.

“ஏ பெனா, இது எங்க கேட்டுக்கு வருமா?”

“கேட்டுக்கா?”

“உள்ள போன் கொண்டுபோகக் கூடாதுல்ல. எல்லாத்தையும் கேட்டுல வாங்கி வச்சிருவாக. வாட்ச்மேன் சங்கிலிமுத்து அண்ணாச்சிகிட்ட மட்டுந்தான் போன் இருக்கும். இடி கிட்ட வந்துச்சுன்னா அவரு போன்ல சத்தம் வரணும். அவரு மணிய அடிச்சா நாங்க எந்திரிச்சு வெளிய வந்துருவோம். இடி இடிச்சா வேலைய நிறுத்தணும்னு சட்டமே இருக்கு. ஆனா சீசன் நேரத்துல, மழைத்துளி கூரையில விழுந்த பெறகுதான் எந்திரிக்கவே விடுவாக. மழைக்கு முந்தியே இடி விழுந்துரும்ல?”

பெனாசிருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே உட்கார்ந்து செய்தாள். மின்னல் நெருங்கினால் சங்கிலிமுத்துவின் போன் அலறி, “இடி வருது, வெளிய வாங்க” என்று பெனாசிரின் குரலிலேயே சொல்லும். ஆடியில் ஒருமுறை அது சரியாகச் சொன்னது. ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கண்மாய்க்கரையில் இடி விழுந்தது. பொன்மணி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

புரட்டாசி பிறந்தது. தீபாவளி ஆர்டருக்காக லாரிகள் வரிசையில் நிற்கும் காலம். வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லாதபோது, சங்கிலிமுத்துவின் போன் அலறியது. மணி அடித்தது. அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து, வானத்தைப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். போர்மேன் வெள்ளைத்துரை வந்து கத்தித் தீர்த்தார். திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து கை வேகம் பிடிப்பதற்குள் பொழுது இறங்கிவிட்டது. பீஸுக்குக் கூலி வாங்குகிறவர்கள். பெனாசிரைத் திட்டாதவர்கள் இல்லை.

காரணத்தை அவள் அன்றைக்கே கண்டுபிடித்தாள். பக்கத்துக் கட்டடத்தில் புதிதாக வந்திருந்த வெல்டிங் பட்டறை. அங்கே பொறி பறக்கும்போதெல்லாம் டப்பா அதை மின்னல் என்று நினைத்துக்கொண்டது.

அதைச் சொல்லிப் புரியவைக்க நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் வெள்ளைத்துரை அஷ்ஃபாக்கின் கடைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“பாய், ஒங்க வீட்டுல என்னமோ மிசின் வச்சு எங்க கம்பெனிக்கு மணி அடிக்கிறாகளாமே?”

அஷ்ஃபாக் எழுந்து நின்றான். “அது சும்மா, பொழுதுபோக்குக்கு...”

“பொழுதுபோக்கா? மருந்து ரூம்ல நூறு சனம் ஒண்ணா எந்திரிச்சு ஓடுனா, ஒருத்தி கால் தட்டி ஒரு தட்டு மருந்து கவுந்தாப் போதும். இடி வேண்டாம், அதுவே போதும். தெரியுமா ஒங்களுக்கு? ஓனர் போலீசுக்குப் போகணும்னு நிக்கிறாரு. நாந்தான் வேண்டாம், தெரிஞ்ச மனுசன், பேசிக்கிடலாம்னு வந்திருக்கேன்.”

உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெனாசிருக்கு முகம் சுட்டது. அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம். அதுதான் அவளைக் குத்தியது. ஓடும் கால் ஒன்று தட்டினால் என்ன ஆகும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

சாயந்தரம் அஷ்ஃபாக் சண்டை போடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நாம இங்க யாவாரம் பண்றவங்க. அவங்க பேக்டரியில ஒண்ணுன்னா நம்ம பேருதான் மொதல்ல அடிபடும். நிறுத்திரு.”

சங்கிலிமுத்துவுக்குப் போகும் எச்சரிக்கையை அவள் நிறுத்தினாள். புரோகிராமில் ஒரே ஒரு வரி. அதன் முன்னால் ஒரு குறியைப் போட்டால் போதும், அந்த வரி செத்துவிடும். டப்பாவை மட்டும் மாடியிலிருந்து இறக்கவில்லை.

அதற்கடுத்த வாரம், மத்தியான லுகர் தொழுகைக்குப் போன அஷ்ஃபாக் திரும்பிவந்து கடை திறந்த நேரம். குல்சார் பேகம் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். பெனாசிர் துணி எடுக்க மாடிக்குப் போனவள், காற்றே இல்லாமல் புழுங்குவதைக் கவனித்தாள். மேற்கே வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கருநீலமாகக் கிடந்தது. இறங்கிவந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

இருபத்தேழு என்று நின்றது எண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது ஆனது.

மறுபடியும் வெல்டிங்கா? ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். “அண்ணே! கொஞ்ச நேரம் வெல்டிங்க நிறுத்துங்களேன்!”

“வெல்டிங்கே போடலயே தங்கச்சி, பெயின்டுல்ல அடிச்சுக்கிட்டிருக்கோம்!”

பதினேழு.

கிரைண்டராக இருக்குமோ? ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கினாள். கிரைண்டர் முனகி நின்றது. ஃபேன் நின்றது.

“யா அல்லா, பாதி மாவுல நிக்குது! என்ன புள்ள பண்ணுறே?” என்று உள்ளிருந்து குல்சார் பேகம் சத்தம் போட்டார்.

“மாமி, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்.”

வீட்டில் எதுவும் ஓடவில்லை. போனிலிருந்து நெட், லேப்டாப்பில் பேட்டரி. மேலே டப்பா பவர் பேங்கில் இருக்கிறது. எண் மாறியது. பதினான்கு.

அச்சங்குளம் அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய அந்தத் தூரம்தான். மின்னல் மேற்கில் என்றால் அது அவர்கள் தலைக்கு மேல். கிழக்கில் என்றால் ஒன்றுமில்லை. திசையை டப்பா சொல்லாது. ஆனால் மாடியில் நின்று அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தானே வந்திருந்தாள்.

செத்த வரிக்கு மறுபடி உயிர் கொடுத்தாள். சங்கிலிமுத்துவின் போனுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நேரே கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். பொன்மணியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டில் ஏதோ ஒரு பைக்குள் கிடந்து அடிக்கும். கடைக்குள் ஓடினாள். சுவரில் அந்தக் கம்பெனி கொடுத்த தினசரி காலண்டர் தொங்கியது. அதன் அடியில் ஆபீஸ் நம்பர்.

“என்ன புள்ள?” என்றான் அஷ்ஃபாக், எண்ணிக்கொண்டிருந்த பல்புகளை விட்டுவிட்டு.

அவள் அதற்குள் நம்பரை அழுத்திவிட்டிருந்தாள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“அலோ, யாரு?” வெள்ளைத்துரையின் குரல்.

“அண்ணே, சாத்தூர்லருந்து பெனாசிர் பேசுறேன். எலக்ட்ரிக்கல் கடை. அண்ணே, மின்னல் ஒங்க பக்கம் வந்துருச்சு. எல்லாரையும் வெளிய வரச்சொல்லுங்க.”

“ஏம்மா, போன வாரம் பட்டது போதாதா?”

“அது வெல்டிங் பொறிண்ணே. இது நெசம். நான் சோதிச்சுட்டேன்.”

“இங்க ஒரு தூத்தல் இல்ல. இடிதாங்கி இருக்கு. லாரிக்காரன் லோடு ஏத்த நிக்கிறான். மழை வந்தா நானே எந்திரிக்கச் சொல்லுவேன்.”

“மழைக்கு முன்னாடியே விழும்ணே. நீங்க வெளிய வந்து மேற்க பாருங்க. பாத்தா மட்டும் போதும்.”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அஷ்ஃபாக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “உறுதியாத் தெரியுமா?” என்றான்.

“உறுதியா எப்பிடிங்க தெரியும்? டப்பாவுக்குத் திசை தெரியாது. ஆனா மேற்க கறுத்துக் கெடக்கு. பொன்மணி அங்கன உக்காந்திருக்கா.”

அவன் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு பைக் சாவியை எடுத்தான்.

வைப்பாற்றுப் பாலம் தாண்டியதும் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கருவேலங்காட்டு ஓரம் ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூட்டமாக நின்றன. அஷ்ஃபாக் அவ்வளவு வேகமாக வண்டி ஓட்டி அவள் பார்த்ததில்லை. தூரத்தில் ஒரு வெளிச்சம் சத்தமில்லாமல் வெட்டியது. அவள் மனசுக்குள் எண்ணினாள். சத்தம் வர நேரமானது. அடுத்ததற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. அவன் முதுகுச் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துஆ ஓதினாள். ஓதும்போதே பாதியில் மறந்துபோய் மறுபடி தொடங்கினாள்.

கேட்டில் சங்கிலிமுத்து கையை அகல விரித்து மறித்தார்.

“வண்டி உள்ள வரப்படாது! சைலன்சர் சூடு! அங்கனயே போடுங்க!”

“அண்ணாச்சி, இடி வந்துருச்சு. மணிய அடிங்க” என்று இறங்கி ஓடிவந்தாள் பெனாசிர்.

“தாயி, ஒன்னாலதான் என் போன போர்மேன் புடுங்கி வச்சிருக்காரு. அவரு சொல்லாம அடிச்சா என் சோலி போயிரும். வயசான காலத்துல எனக்கு வேற எவன் வேல குடுப்பான்?”

“அங்க பாருங்க!”

அவர் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு அப்பால், பனைகளுக்குப் பின்னால், வானம் அடுப்படிச் சுவர்போல் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே வெளிச்சம் கிளை கிளையாக ஓடியது. சத்தம் நெஞ்சில் வந்து இறங்கியது.

சங்கிலிமுத்து, மணியாக அடிக்கும் தண்டவாளத் துண்டு தொங்கிய இடத்துக்குப் போனார். கட்டையை எடுத்தார். அடித்தார்.

ரூம்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஆனால் பாதிப் பேர்தான். மற்றவர்கள் வாசலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்கள். போன வாரம் போன கூலி அவர்களுக்கு மறக்கவில்லை. பொன்மணி வெறுங்காலோடு வந்தாள். அலுமினியப் பொடி படிந்து கையெல்லாம் வெள்ளி நிறம், முகத்தில் துணி. பெனாசிரைக் கண்டதும் நின்றாள்.

“நெசமா?”

“நெசம்.”

பொன்மணி திரும்பி, வந்த வழியே போனாள். “மதினி, எந்திரிங்க! மெதுவா, தட்ட அங்கனயே விட்டுட்டு வாங்க! ஓடாதீக, நடந்து வாங்க!” அவள் குரல் வரிசை வரிசையாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

வெள்ளைத்துரை ஆபீசிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “எவம்லே மணி அடிச்சது?” என்று தொடங்கியவர் பெனாசிரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு மின்னல். எல்லார் முகமும் வெளுத்து மறைந்தது. சத்தம் கூடவே வந்தது.

அவர் அவளைத் தாண்டிப் போய்விட்டார். “வெளிய போங்கலே! எல்லாரும் வெளிய! கடைசி மருந்து ரூம்ல ஆரு இருக்கா? ஏ, அங்கன ஆரு?” அவரே அந்தப் பக்கம் போனார், கதவுகளைத் தட்டித் தட்டிக் கத்தினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தரிசில் எல்லாரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தான் அஷ்ஃபாக். மரத்தடிக்குப் போக முயன்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்தான்.

இன்னும் ஒரு துளிகூட விழவில்லை.

எந்த நொடியில் விழுந்தது என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வெள்ளையாக இருந்தது. பிறகு கடைசி வரிசை ரூமின் கூரை முழுசாக மேலே எழும்பியது. அடுத்தடுத்து வெடித்தது. பெனாசிர் தரையில் கிடந்தாள். எப்படி விழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. செங்கல் துண்டுகள் சடசடவென்று சுற்றி விழுந்தன. பல நிறத்தில் புகை. திருவிழா வானத்துக்குப் போகவேண்டிய பச்சையும் சிவப்பும் தரையிலேயே சீறி அணைந்தன.

“பொன்மணி!” என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தரிசில் ஆட்கள் பேர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா, மதினி, சித்தி. ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் வந்தது. பொன்மணி என்ற பேருக்கு வரவில்லை. பெனாசிர் கேட்டைப் பார்த்து ஓடினாள். அஷ்ஃபாக் இடுப்போடு பிடித்து நிறுத்தினான். அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை.

அப்போதுதான் மழை கொட்டியது. புகை படிந்தது. படிந்த புகைக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். நடுவில் ஒரு வயதான அம்மா, கால் இழுத்துக்கொண்டு. ஒரு பக்கம் வெள்ளைத்துரை, சட்டை கிழிந்து. மறுபக்கம் பொன்மணி. அவளுடைய இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கி மழையில் கரைந்துகொண்டிருந்தது. பெனாசிர் கட்டிப்பிடித்து என்னவோ கேட்டாள். பொன்மணி அவள் உதட்டையே பார்த்தாள்.

“கேக்கல பெனா” என்றாள். “ஒண்ணும் கேக்கல.”

ஒருவரும் சாகவில்லை. அந்த அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. இன்னும் சிலருக்குச் சிராய்ப்பு. டிவிக்காரர்கள் வந்தார்கள். விதிமுறைப்படி முன்னெச்சரிக்கையாக ஆட்களை வெளியேற்றினோம் என்று ஓனர் மைக்கில் சொன்னார். இடிதாங்கி ஆபீஸ் கட்டடத்தின் மேல் மட்டும்தான் நின்றது என்பதை அவர் சொல்லவில்லை. விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் அதைச் சொன்னவர் சங்கிலிமுத்து. கம்பெனிக்கு சீல் வைத்தார்கள்.

பொன்மணியின் வலது காது சில நாட்களில் திரும்பியது. இடது காது திரும்பவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இனி அவ்வளவுதான் என்றார்கள். அவள் அழுததைப் பெனாசிர் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் நேரே பெனாசிர் வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்திருந்த லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“நீ எழுதுனத காட்டு.”

வரி வரியாகப் படித்தாள். பரீட்சைக்குப் படிப்பதுபோல் உதடு அசைந்தது. ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“டப்பா செத்துப்போச்சுன்னா என்ன காட்டும்?”

“புரியலயே.”

“பவர் பேங்க் தீந்துபோச்சு. இல்ல, எலி ஒயரக் கடிச்சிருச்சு. அப்ப திரையில என்ன வரும்?”

பெனாசிர் யோசித்தாள். “‘மின்னல் இல்லை’னு வரும். பச்சையில.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்திரையிலிருந்து இத்தனை மாதமும் அந்தப் பச்சையை நம்பி எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று இருவருக்குமே ஓடியது. அன்று மாலைக்குள் பச்சையை எடுத்துவிட்டார்கள். டப்பாவிடமிருந்து சேதி வருவது நின்றால் திரை முழுக்கக் கறுப்பாகி, ‘எனக்குத் தெரியாது. வெளியே வந்து வானத்தைப் பாருங்கள்’ என்று வரும்படி மாற்றினார்கள். திசையும் தெரியவேண்டும் என்றால் இன்னும் இரண்டு டப்பாவாவது வேறு வேறு ஊரில் இருக்கவேண்டும் என்றாள் பொன்மணி. காகிதத்தில் மூன்று வட்டம் போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டினாள். பெனாசிருக்குக் கல்லூரி பெஞ்ச் நினைவுக்கு வந்தது.

ஐப்பசி பாதியில் வெள்ளைத்துரை மறுபடியும் கடைக்கு வந்தார். வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். இந்தத் தடவை ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிக்கொடுத்தான் அஷ்ஃபாக். அவன் கையில் பல் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது.

“எங்க பக்கம் நாலஞ்சு கம்பெனியில கேக்குறாக” என்றார் வெள்ளைத்துரை. “அந்த மணி வேணுமாம்.”

பெனாசிர் உடனே சரி என்று சொல்லவில்லை. “அண்ணே, அது தப்பும் சொல்லும். சொல்லாமலும் போகும். அத மட்டும் நம்பி ஆள உக்காத்தி வைக்கக் கூடாது. இடிச்சத்தம் காதுல விழுந்தா, எங்க வெப்சைட்டு என்ன காட்டுனாலும் எந்திரிச்சிரணும். மணி அடிச்சா எப்பிடி வரிசையா நடந்து வரணும்னு மொதல்லயே பழக்கணும். தப்பா அடிச்ச அன்னிக்கும் கூலி புடிக்கக் கூடாது. கூலி புடிச்சா அடுத்த தடவ வரமாட்டாக. இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டாத்தான்.”

“கூலி விசயம் ஓனர்ட்ட பேசணும்.” அவர் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தார். புதுப் பேட்டரி மாற்றுவதற்காக டப்பாவை அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். திரை கறுப்பாக இருந்தது. “இது என்ன, தெரியாதுன்னு போட்டிருக்கு? தெரியாதுன்னு சொன்னா எப்பிடிம்மா வேல பாக்குறது?”

“பாக்காதீக” என்றாள் பொன்மணி.

அவள் உள்ளே தரையில் உட்கார்ந்து இரண்டாவது டப்பாவுக்கு மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைத்துரை அவளை அப்போதுதான் கவனித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

“இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க போர்மேன்” என்றாள் அவள், வலது காதைக் காட்டி.

அவர் எழுந்து அந்தப் பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் என்ன சொன்னார் என்று பெனாசிருக்குக் கேட்கவில்லை. பொன்மணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு, “நாளைக்கு ஏணி தயாரா வச்சிருங்க, நான் வந்து ஒங்க ஆபீஸ் மேல மாட்டுறேன். கூலிக்கு ஓனர் சரின்னு சொன்ன பெறகுதான் மணி” என்று சொல்லிவிட்டு, ஓட்டையில் ஒயரை நுழைக்கத் தொடங்கினாள்.